உள்ளே இருட்டாக இருக்கிறது

டெல்லி பஞ்ச்குயான் சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் கையில் சாம்பார்க் கரண்டி இருப்பதைக் கவனித்தேன். ஒரு தோளில் துணிமூட்டை, இடது கக்கத்தில் சுருட்டிய ரஜாய்ப் போர்வை, வலது கையில் நீளப் பிடி வைத்த கரண்டி. எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஏன் விலகி நடந்தார்கள் என்று அப்போது புரிந்தது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். போனால், தான் சொன்னது அதற்குள் பலித்துவிட்டதாக மெஸ்காரர் நினைத்திருப்பார். கரண்டியை மூட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன்.

கரோல் பாக்கில் ஒரு வீட்டின் முதல் மாடியில் நடந்த மெஸ் அது. மத்திய சர்க்கார் ஆபீஸ்களுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் காலையிலேயே முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிப்பார்கள். அன்று வெள்ளிக்கிழமை. நான் வடித்த சாதம் கொஞ்சம் குழைந்துவிட்டது. மெஸ்காரர் கும்பகோணத்துப் பக்கம். கோபம் வந்தால் சாதத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்வார்.

"ஏன்டா, எங்கேயாவது ஒரு இடத்துல ஒரு வருஷம் முழுசா இருந்திருக்கியா நீ?" என்று பந்தி நடுவே கேட்டார்.

"இல்ல சாமி."

"நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை. உன்னைப் பார்த்துதான் சொல்லி வச்சிருக்கா."

"இப்பவும் நிக்கலை சாமி" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, மொட்டைமாடி அறைக்குப் போய் மூட்டையைக் கட்டினேன்.

"போ. இந்தக் குளிர்ல ரெண்டு நாள் அலைஞ்சா தன்னால வருவே. தேய்க்காத பாத்திரம் உனக்காகக் காத்துண்டிருக்கும்" என்று நான் மூட்டையோடு இறங்கும்போது மெஸ்காரர் சொன்னார்.

பந்தியில் ஒருவர் கேட்டது மாடிப்படி வரை கேட்டது: "அதெல்லாம் இருக்கட்டும் மாமா, இந்தப் பக்கத்துக்கு சாம்பார் யார் விடுவா?"

எமர்ஜென்சி முடிந்த பிறகு வந்த குளிர்காலங்களில் ஒன்று. நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு நடந்து போய், தெற்கே போகிற ஏதாவது ஒரு வண்டியில் ஏறிவிடுவது என்று முடிவு. அவசரம் ஒன்றும் இல்லை. டெல்லியில் குளிர்காலப் பகலை வீணாக்கக் கூடாது. கன்னாட் பிளேஸ் புல்வெளியில் சர்க்கார் ஊழியர்களே ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு நடுவில் வெயிலில் நீட்டிப் படுத்திருப்பார்கள். நானும் படுத்தேன். வேர்க்கடலை தின்றேன். பிறகு இந்தியா கேட் புல்லில் கொஞ்ச நேரம். வெயில் இறங்கியதும் ரஜாயைப் போர்த்திக்கொண்டு, மங்கி குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய பங்களாக்கள் இருக்கும் சாலை வழியாகத் தெற்கே நடந்தேன்.

ஒரு சின்ன இரும்பு கேட்டில் யூதர்களின் ஆறு முனை நட்சத்திரத்தைப் பார்த்து நின்றேன். உள்ளே தாழ்வான ஒரு கட்டடம், பக்கத்தில் கல்லறைகள். கேட்டில் கறுப்புத் தொப்பியும் பழைய ரயில்வே கோட்டும் போட்ட ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். கொண்டைக்கடலை வண்டிக்காரன் ஒருவன் அவரைக் கடந்து போனான்.

"அந்தர் பஹுத் அந்தேரா ஹை" என்றார் கிழவர் அவனிடம். உள்ளே ரொம்ப இருட்டாக இருக்கிறதாம்.

"ஆமாம் சாப்" என்றான் அவன். "குளிர்காலம். சீக்கிரமே இருட்டிவிடுகிறது." போய்விட்டான்.

அடுத்து வந்த சைக்கிள்காரரிடமும் அதையே சொன்னார். அவர் தெருவிளக்கை நிமிர்ந்து பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது. "உங்கள் வீட்டில் மட்டும்தான் கரண்ட் இல்லை போலிருக்கிறது" என்று அனுதாபமாகச் சொல்லிவிட்டு மிதித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், வேறு பாஷையில், ஒரு தீவில். அப்போது நானும் அந்தக் கடலைக்காரனைப் போலத்தான் பதில் சொன்னேன்.

சில வருஷம் முன்னால் கப்பல் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது, இயந்திரம் பழுதாகி எங்கள் கப்பல் பினாங்கில் சில நாட்கள் கிடந்தது. மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத ஊர். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. அங்கே இருக்கும் தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். அதிலேயே நடந்தால் நனையாமல் ஊரைச் சுற்றிவிடலாம். தூத்துக்குடியில் எங்கள் தெருவிலேயே பிறந்த ஒருவன் அங்கே தோட்ட வேலை செய்தான். என் வயதுக்காரன். "யூதக் கோயில் பாத்திருக்கியால? நான்தான் பெருக்குதேன், வா" என்று ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனான். கூட்டிப்போனவன் என்னை வாசலில் விட்டுவிட்டு எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போய்விட்டான்.

வெளியே பார்த்தால் வீடு மாதிரிதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பழைய மரத்தின் வாசனை. பெஞ்சுகள் எல்லாம் காலி. பட்டப்பகலில் ஒரு பல்பு வீணாக எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்கள் வீட்டில் அடி விழும். வாசல் பக்கம் இருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

அங்கே பிரம்பு நாற்காலியில் சாவிக்கொத்தோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரி நிறம், பேச்சு கடைத்தெரு மலாய். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கெலாப்" என்றாள். இருட்டு என்று அர்த்தம். அந்த அளவு மலாய் எனக்குத் தெரியும். வானத்தைக் காட்டி, மழை வரும் போலிருக்கிறது என்று கையாலேயே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "உள்ளே கெலாப்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்றாம் தடவை சொல்லும்போது சாவிக்கொத்தால் நாற்காலிக் கையைத் தட்டினாள். என் ஊர்க்காரன் பல் குத்திக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஏல, கோயில் வெளக்கையா அணைச்சே? ராப்பகலா எரியுத வெளக்குல அது!"

"போடச் சொல்ல வேண்டியதுதானல? வாய் இருக்குல்லா?"

"சொல்லக் கூடாது. சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வுநாள். நெருப்பையோ ஸ்விட்சையோ தொடவும் கூடாது, நம்மளப் போடுன்னு சொல்லவும் கூடாது. இருட்டா இருக்குன்னு சொல்லலாம். அது வெறும் பேச்சு. புரிஞ்சுக்கிட வேண்டியது நம்ம பாடு. போய்ப் போடு. யாருக்காகப் போட்டேன்னு கேட்டா, எனக்காகன்னு சொல்லு. அவளுக்காகன்னு சொல்லிட்டேன்னா போச்சு."

போட்டேன். கிழவி கேட்கத்தான் செய்தாள். உள்ளே பார்க்கணும், அதனால் எனக்காகத்தான் போட்டேன் என்றேன். "அப்படியானால் பார்" என்று எழுந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லி, கூடவே வந்து காட்டினாள். நடுவில் மரத்தடுப்பு போட்ட மேடை. கோடியில் திரை போட்ட அலமாரி. அதற்குள் சுருள் சுருளாக அவர்கள் வேதம். அலமாரிக்கு மேலேதான் நான் அணைத்த பல்பு. சாமி எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லை. பெஞ்சுகளைக் கையால் துடைத்தபடி, ஒவ்வொன்றிலும் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்கோ கல்லறைக்கோ போயிருந்தார்கள். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் பெரிய ஜெபங்களைச் சொல்லலாமாம். பத்துப் பேர் சேர்ந்தே வருஷக்கணக்காகிவிட்டது. விளக்கை மட்டும் விடவில்லை.

இதுதான் அந்தச் சின்ன கேட்டில் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது. கிழவர் என்னைப் பார்த்ததும் நம்பிக்கையே இல்லாமல், "அந்தர் பஹுத் அந்தேரா ஹை" என்றார்.

"அச்சா" என்றேன். "நான் உள்ளே போய்ப் பார்க்கலாமா?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டைத் திறந்து விலகி நின்றார்.

உள்ளே எண்ணெய் ஊற்றிய கண்ணாடி விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஆட்களின் மூக்கு மட்டும் தெரிந்தது. பெஞ்சுகளில் முடங்கி உட்கார்ந்திருந்தார்கள். வாசல்படியில் ஒருவர் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் பழக்கத்தில் மங்கி குல்லாவையும் கழற்றப் போனேன்.

"குல்லா இருக்கட்டும்பா" என்றார் அவர் தமிழில். "இங்க தலை மூடித்தான் இருக்கணும். மங்கி கேப் போட்டுட்டு ரோட்ல போறவன் மெட்ராஸ்காரனாத்தான் இருப்பான்னு நினைச்சேன்."

மெட்ராஸ் துறைமுகத்தில் அவர் அப்பாவுக்கு வேலையாம். பிறந்து வளர்ந்தது அங்கே, இப்போது டெல்லியில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். விஷயத்தை அவர்தான் சொன்னார். கிழவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெப ஆலயத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். மனைவி இறந்து அன்றோடு ஒரு வருஷம். அந்தத் திதியில் சொல்ல வேண்டிய ஜெபத்தைப் பத்து ஆண்கள் கூடியிருக்கும்போதுதான் சொல்லலாம். டெல்லியில் பத்துப் பேருக்காகக் கிழவர் பஸ் மாறி பஸ் ஏறி வீடு வீடாக அலைந்திருக்கிறார். எப்படியோ சேர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதனால் அதற்கு முன்பே விளக்குகளை எல்லாம் போட்டு வைத்தார்கள். குளிருக்காக யாரோ பெரிய ஹீட்டர் ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். ஜெபம் தொடங்கும் நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டது.

"எதிர் பங்களா வாட்ச்மேன், சௌகிதார்னு சொல்வோம், இங்க பின்னால ரூம்ல இருப்பான், அவன்தான் இதெல்லாம் பார்ப்பான். மலைமேல கட்வால்ல தங்கச்சிக்குக் கல்யாணம்னு போயிட்டான்."

"நானாத்தான் கேக்குதேன் சார், உங்களுக்கு ஃபியூஸ் போடத் தெரியும்லா?"

"தெரியும். ஸ்கூட்டர் ஓட்டிட்டு வந்ததே தப்பு. அதையும் செஞ்சேன்னா இந்தக் கிழவர் என்னைப் பத்துல சேர்க்க மாட்டார்."

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்கூட்டர் என்ற சொல் மட்டும் பிடிபட்டுவிட்டது. "கேட்டுக்கு வெளியே உன் கணக்கு" என்றார் ஹிந்தியில். "கேட்டுக்கு உள்ளே என் கணக்கு."

அப்போது பெஞ்சிலிருந்து ராணுவ ஓவர்கோட் போட்ட ஒருவர் எழுந்தார். கன்டோன்மென்டுக்குத் திரும்ப வேண்டும், பஸ் போய்விடும் என்றார். "புத்தகம் இல்லாமல் எனக்கு ஒரு வரி வராது சாச்சா. அடுத்த வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே."

"அடுத்த வெள்ளிக்கிழமை அவள் சாகவில்லை" என்றார் கிழவர்.

ராணுவக்காரர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. கிழவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ராத்திரியில் விளக்கைக் கையில் பிடித்து ரயிலை நகர்த்தியவர். அன்றைக்குத் தீக்குச்சியைத் தொடுவதற்கு அவருக்கு வழியில்லை.

தாழ்வாரத்தில் மெயின் பெட்டி இருந்தது. மெஸ்ஸில் வென்னீர் ஹீட்டர் போட்டால் நாள் தவறாமல் ஃபியூஸ் போகும். எனக்கு அது பழகிய வேலை. தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். மெயினை அணைத்துவிட்டு பீங்கான் கட்டையை உருவினேன். கம்பி கருகித் துளி துளியாக ஒட்டியிருந்தது. சௌகிதார் விவரமானவன்; புதுக் கம்பியைப் பெட்டிக்கு மேலே ஆணியில் சுற்றி வைத்திருந்தான். முதலில் உள்ளே போய்த் தடவித் தடவி ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அது இருந்தால் மறுபடியும் போகும். பிறகு கம்பியைச் சுற்றிக் கட்டையைச் சொருகி மெயினைப் போட்டேன்.

எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்தன. வெள்ளை அடித்த சுவர். தீவில் பார்த்த அதே மாதிரி மேடை, அதே மாதிரி திரை போட்ட அலமாரி. பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இப்போதுதான் சந்திக்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் நன்றி சொல்லவில்லை. கிழவர் என்னிடம் வந்தார். குரல் கடுமையாக இருந்தது. "யாருக்காக இதைச் செய்தாய்?"

ஸ்கூட்டர்காரர் பதறிப்போய்த் தமிழில் ஏதோ சொல்ல வந்தார். எனக்குத் தேவைப்படவில்லை.

"எனக்காகத்தான் சாப்" என்றேன். "செருப்பைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டேன். இருட்டில் தெரியவில்லை."

கிழவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு வாசல்படியில் கிடந்த செருப்பைப் பார்த்தார். "அதோ இருக்கிறது" என்று சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"யோவ்" என்றார் ஸ்கூட்டர்காரர். "இதை எங்கய்யா படிச்சே?"

"எட்டாம் கிளாஸோட நின்னுட்டேன் சார். இது பினாங்குல."

கிழவர் ஆட்களை எண்ணினார். விரல் நீட்டி எண்ணவில்லை. ஆளை ஆள் என்று எண்ணக் கூடாதாம். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரியை, ஒருவருக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வார். அது ஞாபகம் வந்தது. கடைசிச் சொல் ஓவர்கோட்டில் வந்து நின்றது. அவர் ஏற்கெனவே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்திருந்தார்.

நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ரஜாயோடு உட்கார்ந்துகொண்டேன். பாட்டும் படிப்புமாக வெகுநேரம் போனது. பிறகு கிழவர் மட்டும் எழுந்து நின்றார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் "ஆமேன்" என்றார்கள். தூத்துக்குடியில் மாதா கோயில் பக்கம் வளர்ந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும், நானும் சொன்னேன். ஓர் இடத்தில் அவர் குரல் நின்றது. ராணுவக்காரர் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார், புத்தகத்தைப் பார்த்துத்தான். கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு முடித்தார். அந்த ஜெபத்தில் சாவு என்ற சொல்லே கிடையாது என்று ஸ்கூட்டர்காரர் பின்னால் சொன்னார்.

முடிந்ததும் உலர்திராட்சை ஊறவைத்த சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எல்லாரும் ஒரு வாய் குடித்தார்கள். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மீன் குழம்பும் ரொட்டியும் எனக்கும் வந்தது. கொங்கண் பக்கத்துச் சமையல், தேங்காய்ப் பால் விட்டது. பகலில் தின்ற கடலைக்குப் பிறகு அதுதான் சாப்பாடு. இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். ராணுவக்காரர் பஸ்ஸுக்கு ஓடினார். மற்றவர்களும் கிளம்பினார்கள். நானும் மூட்டையை எடுத்தேன்.

கிழவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பின்னால் ஓர் அறை இருக்கிறது. கயிற்றுக் கட்டில் சும்மா கிடக்கிறது. சௌகிதார் இனி மலையை விட்டு வரமாட்டான் என்று சொல்கிறார்கள்." ஒரு சருகைக் காலால் ஒதுக்கினார். "நாளைக் காலையில் ஜெபம் இருக்கிறது. காலையில் இங்கே ரொம்பக் குளிரும்."

ஸ்கூட்டரை உதைக்கப் போனவர் திரும்பினார். "அவர் சொல்றது புரியுதா உனக்கு? இன்னிக்கு வேலை, சம்பளம்னு வாயெடுக்கக் கூடாது. அதான் கல்லறையைப் பார்த்துப் பேசறார்."

"நல்லாப் புரியுது சார். மெஸ்காரரை விட இவர் தெளிவாத்தான் பேசுதாரு."

செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். கட்டிலில் கயிறு தளர்ந்திருந்தது. ரஜாயை இரட்டையாக மடித்தேன். நிஜாமுதீன் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. தெற்கே போகிறதா, வடக்கே போகிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன்.

காலையில் பனிமூட்டம். கல்லறைகள் தெரியவில்லை. வேப்பஞ்சருகைக் கூட்டி ஒதுக்கினேன். அறை மூலையில் சௌகிதார் விட்டுப்போன அங்கீட்டி இருந்தது, பழைய வாளியில் மண் பூசிச் செய்த கரி அடுப்பு. கரியும் கொஞ்சம் இருந்தது. வெளியே வைத்து மூட்டி, புகை அடங்கும்வரை விசிறினேன். பிறகு தாழ்வாரத்தில், ஜெப ஆலயத்தின் கதவு ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன். கனலைக் கிளறுவதற்குக் கையில் ஒன்றும் அகப்படவில்லை. மூட்டையைப் பிரித்துச் சாம்பார்க் கரண்டியை எடுத்தேன்.

கிழவர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்தார். வாயைத் திறந்துகொண்டேதான் வந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அங்கீட்டியைப் பார்த்ததும் அந்த வாக்கியம் அவருக்குத் தேவைப்படாமல் போய்விட்டது. கூட்டிய தரையைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார்.

"யாருக்காக மூட்டினாய்?"

"எனக்காகத்தான் சாப். குளிருகிறது."

அவர் கைகளைப் பையிலிருந்து எடுத்து நெருப்புக்கு மேலே நீட்டினார். நான் அங்கீட்டியை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டு, கல்லறைகளுக்கு நடுவே மிச்சமிருந்த சருகைக் கூட்டப் போனேன்.